மூன்று விரலும் ஒரு மிளகாய்ச் செடியும்

பிப்ரவரி 9

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள், போகட்டும்.

கட்டுப் பிரித்தாயிற்று. கழுவும்போது உடைந்த கண்ணாடி டம்ளர் வலது மணிக்கட்டில் வெட்டிய இடத்தில் இப்போது தழும்பு மட்டும்தான். வலி இல்லை. அதுதான் பிரச்சினையே. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் அசைகின்றன, ஆனால் எதைத் தொட்டாலும் தெரியவில்லை. அறுந்த நரம்பைத் தைத்தாயிற்று, மெல்லத்தான் வளரும், வளராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷமாக ஊரார் கையில் நரம்பு தேடி ஊசி போட்டவள், சொந்த நரம்பைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வருகிறது. இல்லை, வரவில்லை.

பிப்ரவரி 14

விரல் பயிற்சிக்கு வரும் பிசியோ பெண் ஒரு டப்பா பாசிமணி கொடுத்தாள். "கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்து வைங்கக்கா. விரல் மறந்ததை மறுபடியும் கத்துக்கணும்."

கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போனது. மணியை எடுத்து வைத்து என்ன ஆகப்போகிறது? சமையலறையில் பழுத்த மிளகாய் ஒன்று வாடிக் கிடந்தது. கரண்டியால் விதையை வழித்து, உலர்த்தி, ஒவ்வொன்றாக எடுத்துத் தயிர் டப்பாக்களில் மண் நிரப்பி விதைத்தேன். பாதி விதை தரையில். மீதிக்காவது முளைக்கிற வேலை இருக்கிறதே.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தோட்டக்காரம்மா, அறுவடை எப்போ?" பஸ் ஓட்டுகிறவருக்கு எதற்கும் நேரம் தெரிந்தாக வேண்டும்.

பிப்ரவரி 27

முளைத்துவிட்டது! ஐந்து டப்பாவில். ஒன்று விதையின் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. இவருடைய கண்டக்டர் ஜாடை.

மார்ச் 8

வேலைக்குப் போனேன். ஊசி பக்கம் விடவில்லை. கூடத்தை நடத்தும் மேடம் என்னை முன் மேஜையில் பில் போட உட்கார வைத்தார். "இங்கேயே இருந்துடேன். யாரு உன்னைக் குறை சொல்லப் போறாங்க?" அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள். குழந்தைக் கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நான் இருந்திருந்தால் — இருந்தேனே, பத்தடி தூரத்தில். பில் போட்டுக்கொண்டு.

மார்ச் 15

செத்துப்போச்சு. அஞ்சில் நாலு செத்துப்போச்சு. தண்டு அடியில் நூலாக மெலிந்து, கறுத்து, சாய்ந்து கிடக்கின்றன.

இவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா, சேறா இருக்கு?"

தினமும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தானே தண்ணீர் ஊற்றினேன்? காய்ந்துதானே இருந்தது? தினமும் காய்ந்துதான் —

அப்புறம்தான் உறைத்தது. பழக்க தோஷத்தில் வலது கை விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சேறும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மிளகாய்ச் செடிக்காகவா? செடிக்கு ஈரம் பார்க்கத் துப்பில்லாதவள் யார் கையில் போய் ஊசி போடுவது! மேடத்திடம் சரி என்று சொல்லிவிடலாம். பில் போட விரலுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

மார்ச் 16

ஒன்று பிழைத்திருக்கிறது. டப்பாவின் அடியில் விரிசல், தண்ணீர் தங்கவில்லை. "கொடுத்து வச்சவ, ஓட்டை வீட்டில பிறந்திருக்கா" என்றார் இவர். அடிக்கலாம் போல இருந்தது. சிரித்தும் விட்டேன்.

மேடத்திடம் எதுவும் சொல்லவில்லை. இனி ஈரம் பார்ப்பது இடது கை. அது சொன்ன பிறகு அதே இடத்தில் வலது கையை வைத்து, "ஈரம், கேட்டுக்கோ" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பிசியோ பெண்ணிடம் சொன்னபோது குதித்தாள். "இதுதான்க்கா பயிற்சியே!"

ஏப்ரல் 20

பெரிய தொட்டிக்கு மாற்றியாயிற்று. நான் செடியோடு பேசுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைக்கிறாள். விரலோடு பேசுகிறேன் என்றால் இன்னும் மோசம்.

மே 18

பூ வருகிறது, உதிர்கிறது. வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. பூவை மெல்லச் சுண்டிவிட்டால் காய் பிடிக்கும் என்று பஸ்ஸில் யாரோ இவரிடம் சொன்னார்களாம். காலையில் வலது ஆள்காட்டி விரலால் சுண்டிக்கொண்டிருந்தேன். விரலில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிடப் பார்த்தால் எறும்பைக் காணோம்.

மறுபடியும் ஊர்ந்தது.

மே 21

எறும்புக் கதையை டாக்டரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். ஒரே வார்த்தை. அதை வைத்துக்கொண்டு ஒரு மாசம் ஓட்டிவிடுவேன்.

ஜூன் 6

காய்! கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. இவர் பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார் போல.

ஜூலை 13

முட்டை பொரிக்க நம் வீட்டு மிளகாயையே பறித்து நறுக்கினேன். கத்தி இடது கையில், மிளகாயைப் பிடிப்பது வலது கை. நறுக்கி முடித்து முட்டையை வாணலியில் ஊற்றியபோது ஆள்காட்டி விரல் நுனியில் ஏதோ சுருக்கென்றது. பிறகு காந்தல். பிறகு நடுவிரல். பிறகு மூன்றும் திகுதிகுவென்று —

"எரியுதுங்க! ஐயோ, எரியுது!"

இவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "கையைக் காட்டு, தடவிவிடறேன்."

"தொடாதீங்க! எரியட்டும்!"

எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பது போலப் பார்த்தார். எந்தக் கை என்று அப்புறம்தான் பார்த்தார். கிண்ணத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். முட்டை கருகிப்போனது, அதையே பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 2

கண்ணை மூடிக்கொண்டு இவர் கையில் நரம்பு தேடுகிறேன். சில நாள் கிடைக்கிறது, சில நாள் ஒளிந்துகொள்கிறது. கிடைக்காத நாளில் இவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, என்னைவிடத் தொங்கிப்போகிறது.

அக்டோபர் 21

போன வாரம் மேடம் தன் கையையே நீட்டினார். "எடு, பார்க்கலாம்." எடுத்தேன். பில் மேஜைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இன்று திரைக்குப் பின்னால் முதல் நாள். முதலில் வந்தவர் ஒரு பெரியவர். தடித்த கை, நரம்பு இருக்கிற சுவடே இல்லை. ஊசி என்றாலே பயமாம். கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டேன். அவசரப்படவில்லை. கொஞ்சம் ஓரமாக, ஆழத்தில், விரலுக்குத் தெரிந்தது.

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தார்.

"சீக்கிரம் குத்தும்மா" என்றார். "எவ்வளவு நேரம்தான் பயந்துகிட்டே இருக்கிறது?"