இரண்டு மாடு இழுத்த மோட்டார்

சேசு மரி சூசை

குளுவாங்,
18 நவம்பர் 1934

சென்னையில் டாக்டர் படிப்புப் படிக்கும் என் மகள் வினிஃப்ரெட்டுக்கு அப்பா ஸ்டானிஸ்லாஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் மோட்டாரும் சுகம். மூவரில் இருமல் இல்லாதவன் நான் மட்டும்தான்.

உன் கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. ஒரு பாடம் போய்விட்டது, மார்ச்சில் மறுபடி எழுத மனசில்லை, ஊருக்கே வந்துவிடுகிறேன், அண்ணன் பார்த்த சிகாமட் மாப்பிள்ளைக்குச் சம்மதம், வண்டியை விற்றுவிடுங்கள். நாலு வரியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாய். கூடவே விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் வேறு. அதைக் கேட்டுவிட்டு அம்மா ஜெபமாலையை எடுத்தாள். உன் அண்ணன் ரோலண்ட் மூவார் ஊரில் வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டான். நான் கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைத்தேன்.

இந்த வண்டியால் நான் படுகிற பாடு உனக்கு முழுசாகத் தெரியாது. நீ சிங்கப்பூரில் நர்ஸாக இருந்தபோது வாங்கி, உன் பெயரில் பதிந்தது. அங்கே நம்பர் பலகையில் எஸ் எழுத்து, நம் ஜொகூரில் ஜே. ஆகவே நம் வீட்டுக் கொட்டகையில் அது வெறும் விருந்தாளி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வெளியே போய், முத்திரை வாங்கித் திரும்ப வேண்டும். தவறினால் ஜே பலகைதான். அதற்கு உடையவர் நேரில் வர வேண்டும், அல்லது இங்கே இருக்கும் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு தடவையும், “உங்க பேருக்கே மாத்திக்குங்க ஐயா, ஒரே ஒரு கையெழுத்துதானே” என்கிறார். அந்த ஒரே கையெழுத்தைப் போட்டால் அது உன் வண்டி இல்லையே. போடவில்லை. நீ கப்பலேறியதிலிருந்து நான்கு முறை போய் வந்துவிட்டேன்.

நான் ஓட்டுகிற லட்சணம் தெரியுமா? இருபது வருஷம் ரயிலடியில் வேலை பார்த்த உடம்பு. தண்டவாளம் திரும்பினால் வண்டி தானாகத் திரும்பும் என்று நம்பியே வாழ்ந்துவிட்டேன். லைசென்ஸ் சோதனையில் முதல் தடவை, சோதிக்க வந்தவரையும் சேர்த்து வாய்க்காலில் இறக்கினேன். இரண்டாம் தடவை தேங்காய்க் கடைக்குள் போனேன். உனக்கு எழுதும்போது லைசென்ஸ் கிடைத்தது என்று எழுதினேன். மூன்றாம் தடவையில் என்பதை விட்டுவிட்டேன். இப்போது தெரிந்துகொள்.

ஐந்தாம் கெடு போன வியாழனோடு முடிந்தது. புதனே கிளம்பியிருப்பேன். ரோலண்ட் சாவியை ஒளித்துவிட்டான். “தங்கச்சியே விக்கச் சொல்லிட்டா, இன்னும் எதுக்குப்பா இந்தக் கூத்து?” என்றான். வியாழன் விடிந்ததும் அம்மா அரிசிப் பானையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வழியெல்லாம் அடைமழை. பாலம் கண்ணில் தெரிகிற தூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. திட்டினேன், கெஞ்சினேன், அந்தோணியார் பெயரில் மெழுகுவர்த்தி நேர்ந்தேன். அசையவில்லை. அப்போது அன்னாசி இறக்கிவிட்டு வெறும் மாட்டு வண்டியோடு வந்தார் காளியப்பன் என்றொருவர். விஷயத்தைக் கேட்டதும் மாடுகளை அவிழ்த்து, கயிற்றை உன் மோட்டாரில் கட்டிவிட்டார். “நீங்க உள்ளாற உக்காந்து ஸ்டீரிங்கப் பிடிங்க ஐயா, மத்தத மாடு பாத்துக்கும்லா” என்றார்.

பாலத்து முனையில் முதலில் சுங்கச் சாவடி. அங்கிருந்த மலாய் அதிகாரி வெளியே ஓடி வந்து, “அலமாக்! இது மோட்டாரா, மாட்டு வண்டியா?” என்று கேட்டார். என் மலாய் மாட்டுக்கே சிரிப்பு மூட்டும். ஆனாலும் தாளைக் காட்டி, வண்டி வெளியே போக வேண்டும் என்றுதான் இதில் இருக்கிறது, எது இழுத்துப் போக வேண்டும் என்று இல்லை என்றேன். மூன்று தடவை படித்துப் பார்த்தார். யார் வண்டி என்றார். மகளுடையது, டாக்டருக்குப் படிக்கிறாள், வந்து ஓட்டுவாள் என்றேன். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பாலத்தின் நடுவில் போகும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வந்தது. ஓட்டியவர் எனக்குத் தெரிந்தவர். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். அவர் நீளமாக ஊதினார். எஞ்சின் செத்தாலும் ஹாரன் சாகவில்லை, நானும் பதிலுக்கு அமுக்கினேன். அக்கரையில் ஒரு சீன மெக்கானிக் எதையோ கழற்றி, வாயால் ஒரு ஊது ஊதி, மாட்டினார். வண்டி உறுமியது. அந்த ஒரு ஊதலுக்கா இரண்டு மாடு!

நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. “ரயிலடியே சிரிக்குதுப்பா, மானம் போச்சு” என்றான் ரோலண்ட். போனால் போகட்டும், மூன்று மாதத்தில் முத்திரை வாங்கித் திரும்பி வரும் என்றேன். சிகாமட்டில் மாப்பிள்ளை வீட்டாரும் கேள்விப்பட்டு முகம் சுளித்தார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் மோட்டாரும் ஓட்டக் கூடாது, வேலைக்கும் போகக் கூடாது என்று சொன்ன வீடு அது. உனக்குப் பிடித்து ஒருவனைக் கட்டினால் நானே காரில் அழைத்துப் போய்க் கோவில் வாசலில் இறக்குவேன், வாய்க்காலில் இறக்காமல். ஒரு பாடம் போனதற்குத் தண்டனையாக ஒருவனைக் கட்டுவதாக இருந்தால், நான் ஓட்ட மாட்டேன். ரோலண்டிடமும் சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். கப்பலில் போகிற யாராவது கிடைத்தால் அனுப்புவோம். அங்கே வெயிலில் அலையாதே. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

நீ அனுப்பிய சம்மதத் தாளை இதனுடன் திருப்பி வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது. இந்த வண்டி என்னுடையது, நான் வரும்வரை என் அப்பா வைத்திருப்பார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த கெடுவுக்குச் சாவடியில் காட்ட வேண்டும்.

மாதா உன் பக்கத்தில் இருந்து காப்பாளாக. மார்ச்சில் உன் பரீட்சை. பிப்ரவரி பதினைந்தில் என் பரீட்சை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, காளியப்பனிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

உன் வண்டிக்காரன்,
அப்பா