மாடியில்லாத வீட்டின் மாடிப்படி

நேற்று உங்கள் மாடிப்படியை இடித்தார்கள். கடப்பாரையின் முதல் குத்துக்குக் கிளம்பியது சிமெண்ட் வாசனை அல்ல. படியின் அடிவயிற்றில் இத்தனை காலம் நான் பொரித்த கருவாடும், தாளித்த எண்ணெயும், மண்ணெண்ணெய்ப் புகையும் பிசுக்காக ஒட்டிக்கிடந்து, ஒன்றாக வெளியே வந்தன. இடிக்க வந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். எனக்குப் பழகிய நாற்றம். அங்கேயே உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டேன், அருவருப்போடுதான்.

கல்யாணமான புதிதில் பொன்னேரியில் நாம் இருந்தது கூரைக் குடிசை. நுழையவும் குனிய வேண்டும், அடுப்பின் முன்னால் நிற்கவும் குனிய வேண்டும். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் உங்களுக்கு வேலை நிலைத்ததும் வீடு கட்டலாம் என்றீர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: நிமிர்ந்து நின்று சமைக்க ஒரு சமையலறை.

"இவ்ளோதானா? நீ உள்ள டான்ஸே ஆடலாம்மே" என்றீர்கள். ஆட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வீடு கட்ட ஒரு மாதம் லீவு போட்டீர்கள். அதற்குச் சற்று முன்புதான் கம்பெனியில் பெரிய அதிகாரி ஒருவர், வேலை நேரம் போக உமக்கு என்ன ஹாபி என்று உங்களைக் கேட்டுத் தொலைத்திருந்தார். ஹாபி இல்லாதது சொறிபோல உங்களை அரிக்கத் தொடங்கியது. அஸ்திவாரம் தோண்டிய வாரத்தில் கண்ணாடித் தொட்டியும் கலர் மீன்களும் வாங்கி வந்தீர்கள். சுவர் எழும்பியதும் சமையலறைக்கென்று விட்ட ஜன்னலருகே தொட்டியை வைத்தீர்கள். மீனுக்கு வெளிச்சம் வேண்டுமாம். லீவு முடிவதற்குள் மீன்கள் மல்லாந்துவிட்டன. அந்தத் தண்ணீரைக் கொட்டியவள் நான். ஜன்னல் மட்டும் தொட்டிக்கே பட்டாவாகிப் போனது.

மீனோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை வந்திருந்தது. சாயங்காலம் அங்கே ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டால் முதல் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டு கேட்டதும் மேஸ்திரியின் கையிலிருந்து கரண்டி விழும், உங்கள் கையிலிருந்து வேலை விழும். ஒரே சைக்கிளில் இருவரும் போவீர்கள். குழைத்த கலவை சட்டியிலேயே இறுகிக் கிடக்கும். மறுநாள் காலை அதைச் சுரண்டுவது எனக்கு ஹாபி.

அப்படி ஒரு காலையில்தான் மேஸ்திரி ஆரம்பித்தார். "நேத்து பாத்தியா சார், அந்தம்மா எறங்கி வந்துச்சே ஒரு படி! அத்தெ மாதிரி வளைச்சி உட்டா எப்டி இருக்கும்?"

"நானும் அத்தையேதான் நெனச்சிகினு இருந்தேன் மேஸ்திரி!"

இரண்டு மேதைகள் தனித்தனியே ஒரே கண்டுபிடிப்பைச் செய்வதுண்டு என்று வாடகை நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். அவர்கள் ஒரே சைக்கிளில் போனால் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை.

"மாடியே இல்லியே, படி எங்க போவும்?" என்றேன்.

"மாடி அப்பால வரும். ஊடுன்னா உள்ள வர்றவன் வாயைப் பொளக்கணும்மே."

அந்த நாளில் சிமெண்ட் பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். கிடைத்த மூட்டைகளைப் படி தின்று தீர்த்தது. தளம் போட இருந்த கூரைக்கு ஓடு வந்தது. கூடத்தைப் பாதி அடைத்துக்கொண்டு வளைந்து ஏறிய படி, ஓட்டுக்கு அடியில் ஒரு வெற்றுச் சுவரில் போய் முட்டியது. அங்கே பூப்போட்ட திரை ஒன்றைத் தொங்கவிட்டீர்கள். சமையலறைக்கு வைத்திருந்த இடத்தைப் படி விழுங்கிவிட்டதே என்றபோது, "படிக்குக் கீழ எவ்ளோ எடம் கெடக்குது பாரு" என்று காட்டினீர்கள். பார்த்தேன், குனிந்துதான்.

கிரகப்பிரவேசத்துக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து உங்கள் தங்கை வந்தாள். அண்ணாந்து பார்த்து, வாயைப் பிளந்து, "அண்ணி, மேல யாரு கீறாங்க? வாடகைக்கா உட்டுட்டீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் ஏறிப்போய்த் திரையை விலக்கினாள். பிறகு கீழே பார்த்து, "இன்னா நைனா, செவுரு கீது?" என்று உங்கள் அப்பாவைக் கேட்டாள். அவளோடு வந்த சம்பந்தி வீட்டார் பாயசத்தைக் குனிந்து குடித்தார்கள்.

நீங்கள் அசரவில்லை. யாராவது வந்தால், தோளில் துண்டோடு, படத்தில் பணக்கார அப்பா வருவதுபோல நிதானமாக இறங்கி வருவீர்கள். இறங்குவதற்காக முதலில் அவர்கள் முன்னாலேயே ஏற வேண்டியிருந்தது. அதை ஒரு குறையாக நீங்கள் நினைத்ததே இல்லை. நானோ படியின் கீழே, முதுகை வளைத்து, உங்கள் காலடி விழும்போதெல்லாம் ரசத்தில் காரை உதிராமல் மூடிக்கொண்டிருப்பேன். நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். முதல் வருஷம் நெற்றி வீங்காத மாதமில்லை. பிறகு தலை கற்றுக்கொண்டது.

மாடி வரவில்லை. கடைசியில் படியின் உதவி இல்லாமலே நீங்கள் மேலே போய்விட்டீர்கள். உங்களைக் கூடத்தில் கிடத்த இடம் போதாமல் காலைப் படியோரம் மடக்கி வைத்தார்கள். அழுகைக்கு நடுவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று படி இல்லை. நம் பையன் அந்த மீன் ஜன்னலைத் திறந்துவிட்டான். காலை வெயில் நேரே அடுப்பில் விழுகிறது. தலைக்கு மேல் ஓடு வரைக்கும் காற்றுதான். நான் கேட்ட சமையலறை.

காப்பி போட உள்ளே போனேன். பின்னாலிருந்து பையன் சிரித்தான். "இன்னாம்மா, கும்புடு போட்டுகினே போற? அதான் படி போயிடுச்சே!"

நின்று பார்த்தேன். எதிரே ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இடத்தில் தலை தானாகத் தாழ்ந்திருந்தது. மறுபடி வெளியே வந்து, நிமிர்ந்து நுழையப் பார்த்தேன். அப்போதும் தாழ்ந்தது. நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.