மேஜரை யார் வைத்துக்கொள்வது

அல்வால்,
9 ஜூன் 2002

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதில் பாதி “கேக்குதா, கேக்குதா”விலேயே போய்விட்டது. மின்னஞ்சலிலோ நீங்கள் நாலு வரி தாண்டுவதில்லை. காகிதம் எடுத்தால்தான் உங்களுக்குப் பேச்சு வருகிறது. அதனால் இதற்குக் கடிதத்திலேயே பதில் போடுங்கள்.

பின் தெரு சூசைராஜ் அண்ணனை நினைவிருக்கிறதா? லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்கா போன வருஷம் தவறிப்போனதை எழுதியிருந்தேன். அவர்கள் வீட்டில் ஒரு காக்கட்டூ இருக்கிறது. வெள்ளைக் கிளி, கோழி அளவு இருக்கும், தலையில் மஞ்சள் கொண்டை. அக்கா ஆயாவாக இருந்த வீட்டு மேஜர் மாற்றலாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. அதனால் அதற்குப் பெயரும் மேஜர். வயது இருபத்திரண்டு.

அண்ணனுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. செப்டம்பரில் விசாகப்பட்டினத்துக்கு மகளோடு இருக்கப் போகிறார். மகளுக்கு இறகுத் தூசி பட்டால் இழுப்பு வந்துவிடுமாம். “நல்ல மனுஷங்க கைல குடுக்கணும்மா. கிளி விக்கிற கூண்டுக்காரன் கைக்கு நக்கோ, வேணாம்” என்றார்.

நான் எடுத்துக்கொள்ளட்டுமா?

சாயந்திரம் ஆறேகாலுக்கு வந்து பூட்டைத் திறக்கிறேன். காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. யாராவது அதைத் தட்டிவிட்டிருந்தால் கூடத் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்
நீலா

*

சிட்னி,
23 ஜூன் 2002

அன்புள்ள நீலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். இங்கே காக்கட்டூ என்றால் நம் ஊர்க் காக்கை மாதிரி. கூட்டமாக வந்து என் பால்கனி மரச்சட்டத்தைக் கொறித்துத் தூளாக்கிவிட்டுப் போகின்றன. காலையில் அவை கத்துகிற கத்தலில் அலாரமே வேண்டாம்.

அலுவலகத்தில் ஒருவர் பதினெட்டு வருஷமாக ஒன்றை வளர்க்கிறார். அவரைக் கேட்டேன். வளர்க்கலாமா என்று யோசனை கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வாராம். அறுபது எழுபது வருஷம் உயிரோடு இருக்கும். உனக்கு இப்போது முப்பத்தாறு, யோசித்துப் பார். தினமும் மூன்று நாலு மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தனியே விட்டால் முதலில் கத்தும், பிறகு தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொள்ளும். ஒரே ஒரு ஆளைத்தான் பிடித்துக்கொள்ளுமாம். அந்த ஆள் போய்விட்டால் தேறுவது கஷ்டம்.

நீ ஏழு நாற்பது பஸ்ஸுக்கு ஓடினால் பகலெல்லாம் அதோடு யார் இருப்பார்கள்? ஆசையாக இருந்தால் ஒரு மீன் தொட்டி வாங்கேன்.

இன்னொன்று, போனில் சொல்ல வாய் வரவில்லை. பிராஜெக்டை மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். டிசம்பரில் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்
விசு

*

அல்வால்,
14 ஜூலை 2002

அன்புள்ள உங்களுக்கு,

மீன் தொட்டி வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் தப்பே இல்லை. மார்ச் வரை என்பதையும் படித்தேன். அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் போகும்போது இரண்டு வருஷம் என்றீர்கள். இந்த மாதத்தோடு நாலு முடிந்தது. சண்டைக்கு எழுதவில்லை, கணக்குக்காக எழுதுகிறேன்.

எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள நானே ஒரு வழி செய்தேன். மூன்று வாரமாக ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். முதல் நாளே கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அண்ணன் மஞ்சள் பொடி வைத்துக் கட்டிவிட்டு, “பயந்தா இன்னும் கடிக்கும்மா. கைய இழுக்காத” என்றார்.

அது அக்காவின் குரலில் பேசுகிறது, தெரியுமா? “சூசை, சாப்ட்டியா?” என்று கேட்கிறது. சமையலறையிலிருந்து அவர், “சாப்ட்டேன் மேரி” என்கிறார். நான் அங்கே நிற்க முடியாமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

பதினோராவது நாள் கம்பியோரம் வந்து தலையைக் குனிந்து காட்டியது. கொண்டைக்குக் கீழே சொறிந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து நான் கிளம்பினால் கத்துகிறது. தெருக்கோடி வரை கேட்கிறது. ஒரு நாள் திரும்பிப் போய் நின்றேன், உடனே நிறுத்திவிட்டது.

அண்ணன் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். பகலில் யார் பார்ப்பார்கள்? நான் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? “ஒங்க வீட்டுக்காரரு ஆஸ்திரேலியாவுக்குக் கூப்ட்டா என்னம்மா பண்ணுவ?”

முதல் இரண்டுக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கீழ் வீட்டு காஞ்சனா பகலெல்லாம் தையல் மெஷினோடு வீட்டில்தான் இருக்கிறாள். மூன்றாவதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். கூப்பிடுவீர்களா?

உங்கள்
நீலா

*

சிட்னி,
29 ஜூலை 2002

அன்புள்ள நீலாவுக்கு,

டிசம்பரில் நேரில் சொல்ல நினைத்ததை இப்போதே எழுத வேண்டியதாகிவிட்டது. இங்கேயே நிரந்தரமாகத் தங்க பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டேன். போன வாரம் அனுமதி கிடைத்துவிட்டது. உனக்கும் போட வேண்டும், அதற்கு நீ இங்கே வருவேன் என்று முடிவு செய்ய வேண்டும்.

உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று கோபப்படுவாய். கேட்டால் வேலையை விட முடியாது என்பாய், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ராமச்சந்திராபுரத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய்வந்த ஆளாக நான் திரும்ப முடியாது, நீலா. இங்கே நான் செய்வதை நாலு பேர் கவனிக்கிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். சமையலறையில் வெயில் விழும். உனக்குப் பிடிக்கும்.

ராஜினாமா எழுதிக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மேஜரை எடுக்காதே. பறவைகளை அங்கிருந்து இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். விசாரித்துவிட்டேன். அதன் சொந்த ஊர் இதுதான், ஆனாலும் விடமாட்டார்கள். அதை எடுத்தால் நீ வரமாட்டாய். எனக்குத் தெரியும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
விசு

*

அல்வால்,
25 ஆகஸ்ட் 2002

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆபீஸ் போய்வந்தேன். வெயில் விழுகிற சமையலறையை நினைத்துப் பார்த்தேன். அதில் உங்களையும் நினைத்துப் பார்த்தேன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிற உங்களை. பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்து சீட் நித்யஸ்ரீ ஜன்னலை மூடினாள், தூசி என்று நினைத்து.

போன வாரம் சனிக்கிழமை, மேஜர் வேண்டாம் என்று சொல்லத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

“ஒனக்குக் குடுக்க மாட்டேம்மா. தப்பா எடுத்துக்காத. மேஜரு போயிட்டாரு, மேரி போயிட்டா, இப்ப நானும் போறேன். நீயும் போயிட்டா அது தாங்காது.”

“நான் எங்கண்ணே போறேன்?”

“வீட்டுக்காரரு கூப்ட்டா போவல்ல? போகணும்தான். அதான் சரி.”

“நான் போகலண்ணே.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் பார்வை மங்கிய கண்ணால் என் முகத்தைத் தேடினார். “யோசிச்சுச் சொல்றியா?” என்றார். ஆமாம் என்றேன். உண்மையில் நாலு வருஷமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

இந்த வேலைக்குப் பதினான்கு வருஷம் கொடுத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன செய்கிறேன் என்று உங்களிடம் கூடச் சொல்லக்கூடாது. அதனாலேயே அது ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டீர்களோ? நான் செய்வதையும் நாலு பேர் கவனிக்கிறார்கள். நீங்கள் அங்கே ஒரு ஆளாக ஆனீர்கள் என்றால் நான் இங்கே ஆகியிருக்கிறேன். பிப்ரவரியில் கேட்டிருந்தால் இதையே நேரில் சொல்லியிருப்பேன். ஒருவேளை உங்கள் முகத்தைப் பார்த்து மனசு மாறியும் இருக்கலாம்.

அன்று சாயந்திரமே அண்ணன் மேஜரைக் கொடுத்துவிட்டார், வந்து எட்டு நாளாகிறது. பகலில் கூண்டு காஞ்சனாவின் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. அவள் தெலுங்கில் திட்டுகிறாள், அது கேட்டுக்கொள்கிறது. விடியற்காலையில் கத்துவதற்கு எதிர்வீட்டு நாராயணசாமி சார் ஒரு முறை வந்து கேட்டுவிட்டார். புது இடத்தில் இறகைப் பிடுங்குமோ என்று பயந்தேன். இதுவரை இல்லை.

உங்களை நினைக்காத நாள் இல்லை. அது மாறப்போவதும் இல்லை. டிசம்பரில் வருவதாக எழுதியிருந்தீர்கள். இருப்பதற்கு வருகிறீர்கள் என்றால் வாருங்கள். நானே விமான நிலையத்துக்கு வருகிறேன். பதினைந்து நாளுக்கு என்றால் வேண்டாம். மேஜருக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொல்கிறேன்.

நீலா

*

சிட்னி,
15 செப்டம்பர் 2002

அன்புள்ள நீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்னும் ஆறு மாதம், அடுத்த வருஷம் வரை என்று முன்பெல்லாம் உனக்கு எழுதியபோது நானே அதை நம்பினேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நம்பிக்கை போய்விட்டது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன்னை இழக்காமல் இங்கே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

நண்பரிடம் கேட்டு எழுதுகிறேன். வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் கண்ணில் காட்டாதே, அதற்கு விஷம். கொறிக்க வேப்பங்கட்டை போடு. கூண்டின் மேல் காற்று நேராக அடிக்க வேண்டாம். ஒரு கால்நடை மருத்துவரை இப்போதே பார்த்து வைத்துக்கொள்.

டிசம்பரில் பதினைந்து நாளுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நேற்றுப் போய் ரத்து செய்துவிட்டு வந்தேன்.

விஸ்வநாத்