மற்றக் கால்

ஞாயிறு, இரவு.

இன்றைய உதைபந்தாட்டத்தில் இரண்டு கோல் அடித்தும் நித்திரை வரவில்லை.

என் காலுறையைத் தோய்க்கும்போது உள்ளே நான் ஒளித்துவைத்திருந்த நோ மாத்திரை அட்டையை மனைவி கண்டுவிட்டாள். துடைத்து மாதா படத்தடியில் வைத்தாள்.

"முழங்கால் இன்னும் நோகுதோ?"

"ஓம்," என்றேன்.

நோ மாறிச் சுகமாகி ஆறு மாதமாகிறது. மாத்திரை போடாமல் மைதானத்தில் இறங்கினால் கை நடுங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது. நான் ஆடும் கொழும்புக் கழகத்துக்குத் தெரிந்தால் என் ஒப்பந்தம் போய்விடும்.

"காலை நீட்டுங்கோ, எண்ணெய் பூசிவிடுறன்."

தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை சட்டென நின்றது. காயப்பட்டது இடது கால். நான் நீட்டியிருந்தது வலது.

பிறகு திரும்பவும் தேய்த்தாள். நானும் காலை மாற்றவில்லை.

இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரையில்லை, மூச்சில் தெரிகிறது. அட்டை மாதா படத்தடியிலேயே இருக்கிறது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.