சுவரும் சேர்ந்து வெளுத்தது

காசர்கோடு
ஜூன் 3

என் அன்புத் தங்கை ரின்ஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிப்பாய். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாயே, வேறு என்ன வழி? கூடப் பிறந்தவள் என்பதற்காகவாவது கிழிக்காமல் படி.

நீ போட்ட மருதாணி வீடியோவை உன் மச்சான் நௌஷாத் இக்காவின் போனில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாய். ஆனால் கொலுசு கணுக்காலுக்குள் புதைந்து கிடந்தது. இமைகள் இரவெல்லாம் அழுதவளுடையவை போல உப்பியிருந்தன. என் மாமியாருக்குச் சிறுநீரகம் கெட்டபோது முதலில் இப்படித்தான் வீங்கியது. "வயசானா காலு வீங்கத்தான் செய்யும்"னு நாங்கள் எல்லாரும் ஒதுக்கிவிட்டோம். இப்போது டயாலிசிஸ் இல்லாமல் அவருக்கு வாரம் ஓடாது. அதனால்தான் உன் காலைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

நிறம் வெளுக்க நீ பூசுகிறாயே, அந்த க்ரீம் டப்பாவில் பெயர் உண்டா? எங்கே செய்தார்கள் என்று உண்டா? அதை விற்கிறவளின் வீடியோவையும் பார்த்தேன். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம். முகம் வெளுத்திருக்கிறது, சரி. அவள் பின்னால் இருக்கிற சுவரும் சேர்ந்து வெளுத்திருக்கிறதே, அதைக் கவனித்தாயா? சுவருக்கும் க்ரீம் பூசினாளா?

மஞ்சேரியில் ஏதாவது ஒரு லேபில் சிறுநீரைச் சோதித்துப் பார், கண்ணே. எனக்காக. உன் நிக்காஹ் வேலையில் உம்மா அலைந்துகொண்டிருப்பாள், அவளுக்கு என் சலாம்.

பாசத்துடன்,
இத்தா முபீனா


மஞ்சேரி
ஜூன் 11

இத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

சுவரைப் பற்றி எழுதியிருந்தாய். கெட்டிக்காரிதான். ஆனால் என் பின்னால் இருந்த சுவரை ஒருநாளாவது பார்த்தாயா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பகல் வெளிச்சத்திலும் டியூப் லைட்டைப் போடச் சொன்னார்கள். உப்பா எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார். அதில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே, "மூத்தவளப் பாத்துட்டுத்தான் ஆசையா வந்தோம். இவ வேற தினுசா இருக்காளே!" என்றாள். நீ வெள்ளையாகப் பிறந்தவள். க்ரீம் வேண்டாம் என்று சொல்ல உனக்கு என்ன செலவு?

ஜஸீலின் வீட்டார் என் ரீல்ஸைப் பார்த்துத்தான் பெண் கேட்டு வந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் பூசுகிறார்கள். பூசாதவளைக் குழுப் படத்தில் ஓரத்தில் நிறுத்துகிறார்கள். இப்போது பெண்கள் என்னிடம் கேட்டு, என் லிங்கில் வாங்குகிறார்கள். என்னிடம் அழகுக்கு யோசனை கேட்கிறார்கள், இத்தா. என்னிடம்!

வீக்கத்தைப் பற்றி விற்கிறவளிடமே கேட்டேன். "பயப்படாதே செல்லம், உடம்புல இருக்கற அழுக்கெல்லாம் நீரா எறங்குது" என்றாள். ஆயிரக்கணக்கான பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள். எல்லாரும் முட்டாள்களா?

உம்மாவிடம் எதையும் சொல்லித் தொலைக்காதே.

ரின்ஷா


காசர்கோடு
ஜூன் 29

என் ரின்ஷாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னை அளவுகோலாக வைத்துத்தான் உன்னை அடித்தார்கள் என்பது புரிகிறது. அந்தக் கோலை எந்தக் கடலில் எறிவது என்றுதான் தெரியவில்லை.

என்னிடம் இப்போது கோபப்படு, பரவாயில்லை. நௌஷாத் இக்காவின் தங்கை பெயரில் உன் லிங்கிலேயே ஒரு டப்பா வாங்கினேன். மாமியாரைப் பார்க்கிற டாக்டரிடம் கொடுத்தேன். அவர் சோதனைக்கு அனுப்பினார். நேற்று கூப்பிட்டார். நான் உட்காருமுன்பே கேட்டார்.

"இத யாரும்மா தேச்சுக்கறாங்க?"

"என் தங்கச்சி, டாக்டர்."

"பாதரசம் கொட்டிக் கெடக்கு இதுல. தோல் வழியா உள்ள போய் நேரா கிட்னியத்தான் புடிக்கும். காலு வீங்குதா? சிறுநீர் நுரைக்குதா?"

கால் வீங்குகிறது என்றேன். நுரைப்பது எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும். இந்த வரியைப் படிக்கும்போது நீ கண்ணை விலக்கிக்கொள்வாய் என்றும் எனக்குத் தெரியும்.

ஆயிரக்கணக்கான பேர் முட்டாள்களா என்று கேட்டாய். இல்லை. உன்னை மாதிரி ஒவ்வொருத்தியும் ஒரு டியூப் லைட்டின் கீழே நின்றிருப்பாள். விற்கிறவளுக்கு அந்த லைட் எங்கே எரிகிறது என்று நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அதுவரை அந்த டப்பாவைத் தொடாதே. உம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ கதவை மட்டும் திற.

இத்தா


கோழிக்கோடு, ஆஸ்பத்திரி
ஜூலை 12

இத்தா,

என்னை இங்கே சேர்த்துவிட்டு நீ ஊருக்குப் போய் நாலு நாள்தான் ஆகிறது. என் போனை நீ எடுத்துப்போனது நல்லதாயிற்று. பேப்பரில் எழுதினால் யாரும் உடனே திருப்பித் திட்ட முடியாது.

நீ போனபிறகு பெரிய டாக்டர் வந்தார். சிறுநீரில் புரதம் இன்னும் கொட்டுகிறதாம். மருந்து பிடித்தால் மாதக்கணக்கில் சரியாகும் என்கிறார். 'பிடித்தால்' என்ற சொல்லை உம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். விளக்கை அணைத்தபிறகு அந்தச் சொல்தான் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

ஜஸீலும் அவன் உம்மாவும் வந்தார்கள். ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். அந்த அம்மா என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "க்ரீம நிறுத்தினா பழைய நெறத்துக்கே போயிடுமா?" என்று நர்ஸிடம் கேட்டாள். கிட்னியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜஸீல் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தான். அவர்கள் போனதும், "இந்தச் சம்பந்தம் வேணாம், உப்பா" என்றேன். உப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு அந்த சுவிட்ச நான் தட்டியிருக்கக் கூடாது" என்றார்.

நான் எழுத வந்தது வேறு. அரீக்கோட்டில் பிளஸ் ஒன் படிக்கிற ஃபிதா என்று ஒரு பெண். மே மாதம் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "இத்தா, காலு வீங்குது, ஷூ போட முடியல, நிறுத்திடவா?" என்று. நான் ஒரு சிவப்பு இதயம் போட்டு, "அழுக்கு வெளிய போகுதுடி, விடாம பூசு" என்று பதில் எழுதினேன். விற்கிறவள் சொன்னதை அப்படியே. அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை.

அவளைக் கண்டுபிடி, இத்தா. பயமாக இருக்கிறது. என்னைப் பற்றிய பயத்தைவிட இது பெரியது.

ரின்ஷா


காசர்கோடு
ஜூலை 19

கண்ணே,

உன் கடிதம் கிடைத்த அன்றே ஃபிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அவள் போட்ட படத்தில் சீருடை இருந்தது. அதை வைத்துப் பள்ளியைக் கண்டுபிடித்து, நேற்று நானும் நௌஷாத் இக்காவும் அரீக்கோடு போனோம். மூன்று வாரமாக அவள் பள்ளிக்கு வரவில்லை என்றார்கள். அதைக் கேட்டதும் முகவரியை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினோம்.

உயிரோடு இருக்கிறாள், ரின்ஷா. முதலில் அதைப் படித்துக்கொள். ஆனால் முகம் முழுதும் வீங்கிக் கிடக்கிறாள். வீட்டில் ஏதோ தோஷம் என்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் அதே டப்பா. அன்று காலைகூடப் பூசியிருக்கிறாள். "நிறுத்தினா மறுபடி கருத்துருவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "யாரு அந்தப் பொண்ணு? நான் அவளப் பாக்கணும்" என்றாள். உன் பெயரையும் வார்டையும் சொல்லிவிட்டேன். ஃபிதாவை உன் டாக்டரிடம்தான் கொண்டுவருகிறார்கள். உன் வார்டுக்கே வரலாம். பயந்து முகத்தை மூடிக்கொள்ளாதே.

இத்தா


கோழிக்கோடு
ஜூலை 26

இத்தா,

வந்தார்கள். ஃபிதாவின் உம்மா என் கட்டிலுக்கு எதிரே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என் வீங்கிய காலைப் பார்த்தாள், தன் மகளின் காலைப் பார்த்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

ஃபிதாதான் பேசினாள். என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, "நீங்க வெள்ளையாவே இல்லையே!" என்றாள்.

"பாதி க்ரீம், மீதி லைட்டு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுதுவிட்டாள். என்னைவிட அவளுக்குப் பாதிப்பு அதிகம். இந்த வாரம் போகட்டும் என்கிறார் டாக்டர், அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

நேற்று அவள் உம்மாவின் போனை வாங்கி என் கணக்கைத் திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், இந்த முகத்தோடு, காலையும் டப்பாவையும் காட்டி, என் லிங்கில் யாரும் வாங்காதீர்கள், வாங்கியவர்கள் இன்றே நிறுத்திச் சோதனை செய்யுங்கள் என்று பேசினேன். ஃபிதாவுக்கு நான் எழுதிய பதிலையும் படித்தேன்.

முதலில் வந்த பதில்: "பொறாமைக்காரி, வேற கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டியா?" அடுத்து வரிசையாக வசவுகள். விற்கிறவள் என்னைப் பைத்தியம் என்று தனியாக ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். அதை நிறையப் பேர் பார்க்கிறார்கள்.

இன்று காலை ஒன்று வந்தது, பெயர் போடாத கணக்கிலிருந்து: "இத்தா, என் காலும் வீங்கியிருக்கு. உம்மாகிட்ட எப்பிடிச் சொல்றது?"

அவளுக்குப் பதில் எழுத வேண்டும். இதை இதோடு முடிக்கிறேன்.

உன்
ரின்ஷா