மாடிக்கும் ஒரு எண்

செவ்வாய்க்கிழமை.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டக் கணக்கெடுக்கிறார்கள். இன்று வந்த தமிழ்ப் பையன் என் கதவில் எண் எழுதினான். மாடிக்குப் போகும் இரும்பு ஏணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மாடி வீட்டில்தான் இருபது வருடமாக இசக்கியம்மாள் இட்லி விற்றுப் பிழைக்கிறாள்.

"மாடிக்கு ப்ரூஃப் இல்ல மேடம். லைட் பில் உங்க பேர்லதான இருக்கு?"

உண்மைதான். இரண்டு வீட்டுக்கும் ஒரு மீட்டர் போதும் என்று அன்று சொன்னதே நான்தான்.

"தம்பி, முப்பது வருஷம் டீச்சரா இருந்தேன். கடைசி பெஞ்சை விட்டுட்டு ஒருநாளும் அட்டெண்டன்ஸ் எடுத்ததில்ல. மாடிக்கும் நம்பர் போடு, உன் படிவத்துல கையெழுத்துப் போடுறேன்."

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா உங்களுக்கும் புது வீடு கிடையாது."

இசக்கி பாதி ஏணியில் நின்றாள். "போட்டுருங்க டீச்சர். என்னால ஒங்க வீடும் போயிரப்பிடாது."

"ஏட்டி, சும்மா இரு."

நாளை மறுபடி வருவானாம். பயமில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் மாடிக்கு எண் இல்லாத படிவத்தில் என் கையெழுத்து விழாது.

மேலே இசக்கியின் கிரைண்டர் ஓடுகிறது. என் மீட்டர் சுற்றுகிறது. சுற்றட்டும்.