ஜோடி ஜோடியாய் வெட்டிய எழுத்துகள்

ஆம்பூர்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் பொறுமை ஒன்றுக்குத்தான் சுகமில்லை. வால்பாறைக் குளிரில் நீ காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறாயா? போனில் பேசினால் பாதியில் கட்டாகிறது, மீதிப் பாதி நீ அழுகிறாய், அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

முதலில் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். வகுப்பறைச் சுவரில் ஒட்ட அட்டையில் எழுத்து கேட்டாய். அட்டை ஈரத்தில் ஊறிப்போகும், தோலில் வெட்டித் தருகிறேன் என்று மனிதர் கிளம்பினார். கம்பெனியில் கேட்டு, வெட்டி மிஞ்சிய துண்டுகளை வாங்கி வந்து ஒரு வாரம் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷமாக ஷூவுக்குத் தோல் வெட்டும் கை, பழக்கம் விடுமா? வலது காலுக்கு ஒன்று வெட்டினால், அச்சைத் திருப்பிப் போட்டு இடது காலுக்கு ஒன்று. அதே மாதிரி அ-வுக்கு ஒன்று, திருப்பிப் போட்டு இன்னொன்று. எல்லாம் முடித்து ஜோடி ஜோடியாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருக்கிறார். பாதி எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஃ, ப மாதிரி ஒன்றிரண்டுதான் தப்பித்தது. இன்னாங்க இது என்று கேட்டால், ஜோடி இல்லாம எப்டி அனுப்பறது என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால், தப்பானதைப் பின்பக்கம் திருப்பினால் எழுத்து சரியாக வருகிறது, நேரானது வழவழப்பு, திருப்பினது சொரசொரப்பு, அவ்வளவுதான். ஆக உனக்கு இரண்டு செட். பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். மழைக்குப் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடை.

இனி உன் விஷயம். வகுப்பு நடத்த ஸ்டோர் ரூமைக் கொடுத்துவிட்டார்கள், ஜன்னலுக்குக் கதவில்லை, பதினாலு பிள்ளைகளில் ஒன்பதுதான் வருகிறது, என்னால முடியல, ஆம்பூர்லயே ஒரு ஸ்கூல்ல கேளும்மா, வந்துடறேன் என்கிறாய். நாலு வருஷம் சோறு தண்ணி மறந்து பரீட்சை எழுதி வாங்கின கவர்மெண்ட் வேலை, சேர்ந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. எனக்கு எவ்வளவு பேஜாராக இருக்கிறது தெரியுமா? உடைந்த பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரி. ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டு. வராத ஐந்து பேரும் எஸ்டேட் லைன் வீடுகளில்தானே இருக்கிறார்கள், நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா. இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டுமா?

நீ சொன்னாயே என்று நேற்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு பைபாஸ் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போனேன். தாளாளர் அம்மா உட்காரவைத்துப் பேசினார், திங்கக்கெழமயே வரச் சொல்லுங்க, எல்லாம் ரெடியா இருக்கு, உங்க பொண்ணு ஒரு ஆணிகூட அடிக்க வேணாம் என்றார். ரூமையும் காட்டினார். ஃபேன், டிவி, சுவரெல்லாம் கடையில் வாங்கின படம். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேணாம்மா, எம் பொண்ணுக்கு அங்க ஒரு கிளாஸ் இருக்கு, அவ வந்துட்டா அத யாரும் தெறக்க மாட்டாங்க என்று வந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், கோபப்பட்டுக்கொள்.

கர்த்தர் உனக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு பள்ளிக்குப் போகாதே. கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு. அதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்காதே. நீ வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன், திட்டக்கூட வாய் வராது. அது எனக்கே தெரியும், அதனால்தான் சொல்கிறேன், வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தவள்ளி தேவசகாயம்